காற்றுக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

பாலாற்றங்கரை ஊர்களில் வாழும் நம் அங்கத்தினர்களுக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் நாற்றத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் ஓரங்களில், விடியற்காலையில் தறிக்குழியில் கால் வைக்கும் நெசவாளரும், கத்தரித் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் புறப்படும் பெண்களும் மேல்துணியால் மூக்கை மூடிக்கொள்வது அன்றாட வழக்கம். வெளியூரிலிருந்து வரும் சம்பந்தி முகத்தைச் சுளித்தால், "எங்களுக்குப் பழகிவிட்டது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். பழகிவிட்டது என்ற அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நாற்றம் பழகிப்போவது எல்லாச் சமயத்திலும் நல்ல அறிகுறியன்று. ஒரு வாயுவைப் பொறுத்தமட்டில் அது அபாய அறிவிப்பாகவும் இருக்கக்கூடும்.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். தோல் தொழில் நமக்கு அந்நியமானதன்று. நம் அங்கத்தினர் குடும்பங்களில் அண்ணன் தறியில் இருந்தால் தம்பி தோல் கிடங்கில் இருக்கிறார். தாய் களையெடுக்கப் போனால் மகள் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறாள். மழை பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தினாலேதான். ஆகையால் தொழிலை மூடு என்று கூவுவது நம் நோக்கமன்று. நம் குழந்தைகள் இரவு முழுவதும் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறோம். அதை அறிந்துகொள்ளும் வழியையும் விளக்க முற்படுகிறோம்.

தண்ணீர் விஷயத்தில் நாம் பெற்ற அனுபவம் இங்கே நினைவுகூரத் தக்கது. தோல் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டது பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையையும், தீங்கு முழுவதும் மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே காக்க வேண்டும் என்னும் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென நிலைநாட்டிய தீர்ப்பு அது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழகத்தாரின் கணக்கு அத்தீர்ப்பில் இடம் பெற்றிருக்கிறது. பின்னர் அமைந்த சூழல் இழப்பு ஆணையம், 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்ச ரூபாய் ஈடு தர வேண்டுமென்று 2001-இல் வரையறுத்தது. அதன் பின்னும் குறை முற்றும் தீராமையால், 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு நீண்ட தீர்ப்பு வழங்கி, எஞ்சியோர்க்கு ஈட்டுத்தொகையைச் சேர்ப்பிக்கவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் பணித்தது.

இத்தனையும் நடந்தது எதனால்? கிணற்று நீரை ஒரு குப்பியில் மொண்டு மேசைமேல் வைக்க முடிந்ததனால். நிறம் தெரிந்தது, உப்பு அளக்கப்பட்டது, நிலத்தின் சர்வே எண் எழுதப்பட்டது. காற்றுக்கு அந்த வசதி இல்லை. நேற்று இரவு வீசிய நாற்றத்தை இன்று காலை அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட இயலாது. அவர் ஜீப்பில் வந்து இறங்கும் வேளையில் காற்று திரும்பிவிட்டிருக்கும்; புகார் கொடுத்தவர் பொய்யர்போல் நிற்க நேரும். நம்மில் பலர் இந்த அவமானத்தை அனுபவித்திருக்கிறோம்.

காற்றில் கலப்பது என்ன?

தோல் பதனிடும் முறையைச் சற்றுத் தெரிந்துகொண்டால் எந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். உப்பிட்ட பச்சைத் தோலை முதலில் ஊற வைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் இட்டு மயிரை நீக்குகிறார்கள். அடுத்துச் சுண்ணாம்பை அகற்ற அம்மோனியம் உப்புக்களைச் சேர்க்கிறார்கள்; கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாயு இந்தக் கட்டத்தில் எழுகிறது. அதன்பின் உப்பும் அமிலமும் கொண்ட ஊறல். பிறகு குரோமிய உப்பினால் பதனிடுதல். நம் முன்னோர் ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட காலத்திலும் நாற்றம் இருந்ததுதான்; ஆனால் இன்று நாம் பேசும் வாயுக்களில் பெரும்பாலானவை இரசாயன முறையோடு வந்தவை.

கவனிக்க வேண்டிய இடம் இது: சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை சல்பைடு நீரிலேயே அடங்கிக் கிடக்கும். அமிலம் கலந்த நீர் அதனோடு சேர்ந்த மாத்திரத்தில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு விடுபட்டு மேலே வருகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதையே. இரண்டு கழிவுநீரையும் தனித்தனி வாய்க்காலில் விட்டு, சல்பைடை முதலில் முறித்துவிட்டுப் பிறகு கலந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க ஒரே வாய்க்காலில் விடுவது நடக்கும்போதுதான் நாற்றம் திடீரென்று ஊரைச் சூழ்கிறது. அல்லாமலும், கழிவுநீர் பல நாள் தொட்டியில் தேங்கிக் கிடந்தால், காற்றில்லாத அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள சல்பேட்டை இதே வாயுவாக மாற்றிவிடுகின்றன. ஆலை ஓடாத விடுமுறை நாளிலும் நாற்றம் வருவதன் காரணம் இதுவே.

இவற்றோடு, தோலுக்கு மெருகு பூசும் இடங்களிலிருந்தும், காலணிகளுக்குப் பசை தடவும் இடங்களிலிருந்தும் ஆவியாகும் கரைப்பான்கள். கொதிகலனுக்கு எரிக்கும் விறகின் புகை. தோலைத் தேய்க்கும் எந்திரத்திலிருந்து பறக்கும் நுண்தூசி ஆகியவையும் உண்டு. தூசியைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதனிட்ட தோலில் இருக்கும் குரோமியம் மூவிணைதிற வகையைச் சேர்ந்தது. அது அவ்வளவு கொடியதன்று. அதே தோற்சீவலைத் திறந்த வெளியில் தீ வைத்து எரித்தால் அதில் ஒரு பகுதி ஆறிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும். இது சுவாசிப்போர்க்குப் புற்றுநோய் தருவதென உலகம் ஒப்புக்கொண்ட பொருள். இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச் சென்ற, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவுக் குவியலில் இருந்த நஞ்சும் இதுவே. இலவசமாகக் கிடைக்கிறதென்று தோற்சீவலை மூட்டையாகக் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் போடும் வழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால், அதை இன்றே நிறுத்திவிட வேண்டும். இதற்கு எந்த அதிகாரியின் உத்தரவும் நமக்குத் தேவையில்லை.

மூக்கு எங்கே ஏமாற்றுகிறது?

ஹைட்ரஜன் சல்பைடை அறிவதில் மனித மூக்கு மிகக் கூர்மையானது. ஒரு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தாலே நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் இதே வாயு பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மிகும்போது சில நிமிஷங்களில் மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து விலகிற்று என்று மனிதன் நினைக்கிறான். உண்மையில் அப்போதுதான் ஆபத்து கிட்டே வந்திருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆனால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. குழியிலும் தொட்டியிலும் தங்கும்.

தோல் கழிவுத் தொட்டியில் இறங்கிய ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் விழ, மூன்றாமவரும் விழுந்த செய்திகளை நம் பகுதியில் எத்தனை முறை படித்துவிட்டோம்! விழுந்தவரை மீட்கத் துடித்து இறங்குபவர் வீரர்தான். ஆயினும் காற்றுக் குழாய் பொருத்திய முகமூடியும் இடுப்பில் கயிறும் இல்லாமல் இறங்கினால் அந்த வீட்டிலும் இழவுதான் விழும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்புவதே சரியான வழி. பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். கூலி அதிகம் தருகிறோம் என்று அழைத்தாலும் நம் பிள்ளைகள் போகலாகாது.

தொட்டிக்குள் இருக்கும் அளவு ஊர்த் தெருவுக்கு வருவதில்லை. தெருவில் நமக்கு வாய்ப்பது சிறிய அளவே. ஆனால் அது நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் வாய்க்கிறது. தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், தூக்கமின்மை, இழுப்பு நோயாளிகளுக்கு மூச்சுத் திணறல் ஆகியவை இதனால் மிகும். உலகச் சுகாதார நிறுவனத்தார் 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்னும் எல்லையையும், நாற்றத் தொல்லையைத் தவிர்க்க அரை மணிச் சராசரியாக 7 மைக்ரோகிராம் என்னும் எல்லையையும் கூறியுள்ளனர். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோகிராம்.

அரசாங்கக் கணக்கில் விடுபட்டது

இனி, நம் காற்றை அரசாங்கம் அளக்கவில்லையா என்ற கேள்வி எழும். அளக்கிறது. வேலூரிலும் இராணிப்பேட்டைச் சிப்காட்டிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. அவை தரும் எண்களைக் கைபேசியிலேயே காணலாம். 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், அதற்கு மேல் மோசம் என்று தரம் பிரித்து, காற்றுத் தரக் குறியீடு என்னும் பெயரில் வெளியிடுகிறார்கள்.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மனநிறைவு அடைவதற்குமுன் அதில் என்ன சேர்கிறது என்று கேட்பது நலம். குறியீட்டில் சேர்பவை எட்டுப் பொருள்கள்: இரு வகை நுண்தூசி, கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் டை ஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். நாட்டின் காற்றுத் தர வரையறை 2009-இல் திருத்தப்பட்டபோது பன்னிரண்டு பொருள்களுக்கு எல்லை வகுத்தார்கள். அவற்றுள் ஆர்சனிக் உண்டு, நிக்கல் உண்டு, பென்சீன் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு இல்லை, குரோமியமும் இல்லை. அதாவது, நம் தெருவில் அழுகிய முட்டை நாற்றம் தாங்கமுடியாமல் கதவடைத்துப் படுத்த இரவில்கூட, குறியீடு 'திருப்தி' என்று காட்டக்கூடும். எண் பொய் சொல்லவில்லை. நம்மைத் துன்புறுத்துவதை அது கேட்கவே இல்லை, அவ்வளவுதான். நாடு முழுவதற்கும் ஒரே தராசு வைத்தவர்கள் தோல் பதனிடும் ஊர்களுக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைக்க மறந்தார்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

இடத்தையும் கருத வேண்டும். ஒரு நிலையத்தின் கருவி அது நிற்கும் இடத்துக் காற்றையே சொல்லும். நாலு மைல் தள்ளி, ஆற்றோரக் குப்பத்தில் தேங்கும் காற்றை அது அறியாது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் இட்டபோது, காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்து வேலூர், வட ஆர்க்காடு பகுதி 81.79 பெற்றது. 70-க்கு மேற்பட்டாலே கடும் மாசு எனக் கொள்ளப்பட்டது. அத்தகைய பகுதிக்கு ஓரிரு நிலையங்கள் போதுமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

வாளியைத் தூக்கிய கிராமத்தார்

ஊர்மக்களே காற்றை அளக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்குக் கடலூரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் ராடியோ என்னும் ஊரில் யூனோகால் கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 1994-இல் ஓர் இரசாயனம் பதினாறு நாள் கசிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் நோயுற்றார்கள். ஆனால் காற்றில் இருந்தது என்ன என்று காட்ட அவர்களிடம் சான்று இல்லை. அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் எட்வர்டு மாஸ்ரி, சாதாரண மனிதர் கையாளக்கூடிய மலிவான சாதனம் ஒன்றைச் செய்யும்படி 1995-இல் பொறியாளர்களை அமர்த்தினார். அதுதான் வாளி.

அதன் அமைப்பு எளிது. சுமார் இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி. அதற்கு இறுக்கமான மூடி. உள்ளே வாயுக்கள் ஒட்டாத தனிவகைப் பை ஒன்று, அதன் வாய் மூடியின் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாளிக்குள்ளிருக்கும் காற்றைச் சிறு பம்பினால் வெளியே இழுத்தால், பை தானே உப்பி வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். சில நிமிஷங்களில் நிறைந்துவிடும். பையை மூடி, நேரமும் இடமும் குறித்து, ஓரிரு நாளுக்குள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். கொல்லன் துருத்தியைப் பார்த்தவர்க்கு இதன் தத்துவம் விளங்காமற் போகாது.

கடலூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் முதலிய கிராமங்கள் இருக்கின்றன. விவசாயிகளும் மீனவர்களும் வாழும் ஊர்கள். அங்கே 2004-இல் ஊர்மக்கள் சிலர் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர் குழு ஒன்றை அமைத்தனர். முதலில் அவர்கள் பழகியது வாளியன்று, குறிப்பேடு. எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த வகை நாற்றம், காற்று எந்தத் திசை, யாருக்கு என்ன உபாதை என்று எழுதினார்கள். நாற்றத்தின் வகையையும் காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்தபோது, எந்த ஆலையின் சுவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது தெரிந்தது. அதன் பின்னரே வாளியைத் தூக்கினார்கள். பைகள் அமெரிக்க ஆய்வகத்துக்குச் சென்றன. இருபதுக்கு மேற்பட்ட நச்சுப் பொருள்கள் இருந்ததாகவும், அவற்றுட் சில புற்றுநோய் தருபவை என்றும் முடிவு வந்தது. 2004 செப்டம்பரில் அறிக்கையாக அது வெளிவந்தபின், உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழுவினர் கடலூருக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் முடித்தவரும் முடிக்காதவருமான கிராமத்து ஆண்களும் பெண்களும் எழுதிய நோட்டுப் புத்தகம் அவ்வளவு தூரம் பேசிற்று.

அண்மையில் நிகழ்ந்த மற்றொன்றையும் குறிப்பிடலாம். 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மீனவ மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். வாரியத்தார் அளந்தபோது ஆலையருகே கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதி 400. அம்மோனியாவுக்கு வரையறை இருந்தமையால் "இத்தனை மடங்கு" என்று சொல்ல முடிந்தது. வரையறை இல்லாத வாயுவுக்கு அவ்வாறு சொல்ல வழியில்லை. நம் பகுதியின் முதற் கோரிக்கை எதுவாக இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே காணலாம்.

நாம் செய்யக்கூடியது

நூலுக்கும் கூலிக்கும் நம் சங்கத்தில் பேரேடு வைத்திருக்கிறோம். காற்றுக்கும் ஒன்று வைப்பதில் புதுமை ஏதுமில்லை. தெருவுக்கு இருவர் போதும். ஒருவர் விடியற்காலையில் விழிப்பவராகவும் மற்றவர் இரவில் நெடுநேரம் தறியிலோ பம்புசெட்டிலோ இருப்பவராகவும் அமைந்தால் நல்லது. ஏனெனில் நாற்றம் மிகுவது அவ்விரு வேளைகளிலேதான். ஆம்பூரும் வாணியம்பாடியும் ஜவ்வாது மலைக்கும் வடக்கேயுள்ள மலைகளுக்கும் இடையே பாலாற்றுப் பள்ளத்தில் அமைந்தவை. இரவில் தரை குளிர்ந்ததும் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் படிந்துவிடுகிறது. மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் கவிந்துகொள்கிறது. வெயில் ஏறி அந்த மூடி கலையும்வரை வெளிவந்த வாயு யாவும் கீழேயே நிற்கும். பனிக்காலத்தில் இது இன்னும் அதிகம். ஆகவே பகல் பதினொரு மணிக்கு வந்து அளந்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதும் அறிக்கை முழு உண்மையாகாது.

காற்றின் திசை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். மாடியில் ஒரு மூங்கிலை நட்டு, கழிவு நூலில் ஒரு முழம் கட்டிவிட்டால் அது காட்டிவிடும். நாற்றத்தை 'கெட்ட நாற்றம்' என்று பொதுப்படையாக எழுதுவதால் பயனில்லை. அழுகிய முட்டையா, மூத்திரக் காரமா, வார்னிஷா, பிணவாடையா என்று பிரித்து எழுத வேண்டும். முட்டை நாற்றமானால் சல்பைடு, காரமானால் அம்மோனியா, வார்னிஷ் வாடையானால் மெருகுக் கரைப்பான், பிணவாடையானால் சதைக் கழிவு தேங்கியிருக்கிறது. நாற்றம் இல்லாத நாளையும் 'இல்லை' என்று எழுதுவது இன்றியமையாதது. புகார் நாட்களை மட்டும் எழுதிய ஏட்டை யாரும் நம்பமாட்டார்கள், நாமும் நம்பலாகாது.

மூக்கின் சாட்சிக்குத் துணையாக ஒரு பொருட்சாட்சி வேண்டுமானால், ஈய அசிட்டேட் தாள் என்று இரசாயனக் கடைகளில் கிடைக்கும். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் இது பழுப்பாகிப் பின் கருக்கும். ஈய உப்பு நஞ்சு. தாளைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வெயில் பட்டால் கறை வெளுத்துவிடும் ஆதலால், ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கட்டி அதன் நிழலில் தாளைத் தொங்கவிடலாம். ஒரே இரவில் ஐந்து தெருக்களில் கட்டி, காலையில் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தெருவில் அதிகம் என்பது கண்ணுக்கே தெரியும். எத்தனை மைக்ரோகிராம் என்று அது சொல்லாது.

நெசவாளர்களுக்கு இன்னொரு சாட்சி வீட்டிலேயே இருக்கிறது. அசல் ஜரிகை வெள்ளி இழையின்மேல் பொன்முலாம் பூசியது. வெள்ளியும் செம்பும் இந்த வாயுவினால் கருப்பவை. நம் அங்கத்தினர் ஒருவர் பெட்டியில் வைத்திருந்த ஜரிகைக் கட்டு நிறம் மங்கிப்போக, விற்றவர் கலப்படச் சரக்குத் தந்துவிட்டார் என்று பெரிய சண்டை நடந்தது. பிறகு பார்த்தால், அதே வீட்டில் குழந்தையின் வெள்ளி அரைஞாணும் கொலுசும் இரண்டு மாதத்தில் கன்னங்கரேலென்று ஆகியிருந்தன. ஆயினும் உடனே காற்றின்மேல் பழிபோடலாகாது. வியர்வை பட்டாலும் கறுக்கும். கந்தகம் கலந்த ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்தாலும் கறுக்கும். நன்றாகத் துலக்கிய ஒரே அளவு வெள்ளித் தகடுகள் இரண்டை எடுத்து, ஒன்றைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியிலும் மற்றொன்றைச் சன்னலோரத்திலும் ஒரு மாதம் வைத்து ஒப்பிட்டால் வழக்கு தீர்ந்துவிடும். பெரிய தொழிற்கூடங்களில் மின்கருவிகளைக் காக்க, காற்றைச் சோதிப்பதும் செம்பு, வெள்ளித் தகடுகளைக் கொண்டேதான்.

இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குத் தூசி அளக்கும் சிறு கருவிகள் விற்கப்படுகின்றன. அவை ஒளிக்கதிரைச் சிதறவைத்துத் தூசியை எண்ணுபவை. பயனுண்டு, ஆனால் பனி மூட்டத்தில் நீர்த்துளியையும் தூசியென்று எண்ணி அதிகமாகக் காட்டும். பஞ்சு பறக்கும் தறிக்கூடத்திலோ விறகடுப்புப் பக்கத்திலோ வைத்தால் நம் புகையையே நாம் அளந்துகொண்டிருப்போம். வாங்கினால், வாரியத்தின் நிலையத்துக்குப் பக்கத்தில் சில நாள் வைத்து, இரண்டு எண்களும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். வாயுவை அளக்கும் கருவி வேறு. தூசிக் கருவி வாயுவைக் காட்டாது.

சாகுபடி செய்வோர்க்கு ஒரு குறிப்பு. இலையின் ஓரம் கருகினால் காற்றுத்தான் காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. உப்பேறிய கிணற்று நீரும் இலையோரத்தை அதேபோல் கருக்கும். நம் பகுதியில் அதுவே பெரும்பாலும் காரணம். கிணற்று நீரையும் மண்ணையும் முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அம்மோனியா விஷயத்திலும் மாட்டுத் தொழுவமும் யூரியாவும் தரும் பங்கை நாமே ஏட்டில் ஒப்புக்கொண்டு எழுதிவிட வேண்டும். எதிர்த்தரப்பார் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருந்தால் ஏடு முழுவதும் மதிப்பிழக்கும்.

மூன்று மாத ஏடு சேர்ந்ததும் அதன் நகலை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "நாற்றத்தைத் தடுக்கவும்" என்று பொதுவாக விண்ணப்பிப்பதைவிட, "இந்த மாதத்தில் இத்தனை இரவுகள், இந்த மணிமுதல் இந்த மணிவரை, இந்தத் திசையிலிருந்து சல்பைடு நாற்றம் வந்தது, அவ்வேளையில் அளக்கவும்" என்று கேட்பது பயன் தரும். சட்டத்தின் முன் செல்லத்தக்க மாதிரி வாரிய அதிகாரி முறைப்படி எடுப்பதே. நம் ஏடு அவரைச் சரியான நேரத்துக்கு அழைத்து வரும் கருவி. தொழிற்சாலைகளைப் பற்றி வாரியத்திடம் உள்ள காற்று அளவை அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இருக்கிறது. 2025 தீர்ப்பு நீரையும் நிலத்தையும் முதன்மையாகக் கொண்டதாயினும், ஹைட்ரஜன் சல்பைடையும் நுண்தூசியிலுள்ள குரோமியத்தையும் இப்பகுதியில் ஒழுங்காக அளக்க வேண்டுமென்று அதன் வழி அமையும் குழுவின் முன் வைக்க நமக்குத் தடையில்லை.

ஒரு கவலையை மறைப்பதற்கில்லை. ஏடு எழுதத் தொடங்கினால், ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைக்குத் தொல்லை வருமோ என்று தாய்மார் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகையால் எழுதுபவர் பெயரை வெளியிடாமல், தெருவின் பெயரும் வரிசை எண்ணும் மட்டும் ஏட்டில் இருக்கட்டும். எழுதியோர் பட்டியல் சங்கச் செயலாளரின் பெட்டிக்குள் இருக்கட்டும். ஆலைக்குள் வேலை செய்வோர்தாம் இந்தக் காற்றை நம்மைவிடப் பன்மடங்கு சுவாசிப்பவர்கள் என்பதால், அவர்களே மனமுவந்து சொல்லும் குறிப்புக்களுக்கும் ஏட்டில் இடம் உண்டு.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஐந்து பத்தி கோடு போட்டால் போதும்: நாள், மணி, காற்றின் திசை, நாற்றத்தின் வகை, உடலில் உண்டான உபாதை. மார்கழிப் பனி இறங்குமுன் தொடங்கினால் இவ்வாண்டுக் குளிர்காலம் முழுவதும் கணக்கில் வந்துவிடும்.